வேலியோரக் காந்தளும் மாமியாரின் மூட்டுவலியும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே செடியைப் பற்றி. காரணம் தெரிந்ததுதான். ஐப்பசி மழை விட்டதும் நம் பக்கம் வேலிக்கு வேலி செக்கச்செவேல் என்று பூத்துத் தொங்குகிறது, கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு வைத்தியக் குறிப்பும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீடு கேப்பர் மலைப் பக்கம். கொல்லை வேலியில் கண்வலிக்கிழங்குக் கொடி தானாக முளைத்துப் பூத்திருக்கிறது. மாமியாருக்கு ஏழெட்டு வருடமாக மூட்டுவலி, சர்க்கரையும் உண்டு. இந்தக் கிழங்கைத் தட்டி நல்லெண்ணெயில் காய்ச்சி முட்டியில் தேய்த்து, கருப்பட்டி சேர்த்துக் கொஞ்சம் உள்ளுக்கும் கொடுத்தால் வலி போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. இதிலிருந்துதான் இங்கிலீஷ் மருந்தே எடுக்கிறார்களாமே, கொடுக்கலாமா? – வாசகி, கடலூர்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. முதலில் அந்தக் கிழங்கை அடுப்படியிலிருந்து வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள், மிச்சத்தை அப்புறம் சாவகாசமாகப் படிக்கலாம்.

உங்களுக்கு வந்த குறிப்பில் கடைசி வரி உண்மை. அதுதான் வம்பே. முழுப்பொய்யாக இருந்தால் நீங்களே சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். செங்காந்தள், கார்த்திகைப்பூ, கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்று எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அது ஒரே கொடிதான், அதன் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்ற சரக்கு இருக்கிறது. மருந்துக்கடையில் அரை மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைப்பதும் அதே சரக்குதான். 1820-ல் பாரிஸில் பெல்லத்தியே, காவந்து என்ற இரண்டு மருந்தாளுநர்கள் ஐரோப்பாவில் விளையும் கோல்ச்சிகம் என்ற செடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கான க்வினைனை அதே வருடம் பிரித்தவர்களும் இவர்களே. அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில்தான் இருந்தது. அவர்கள் ஊரில் குளிர்காட்டுச் செடியில் தேடிய பொருள் இங்கே வேலியில் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, பாருங்கள்.

சரி, இது எந்த வலிக்கு மருந்து? கவுட் என்கிற வாதத்துக்கு. ரத்தத்தில் யூரிக் ஆசிட் ஏறி, ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டில் உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலும் கால் கட்டைவிரலில் ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடக் கத்துகிற அளவுக்கு வலி வரும். அந்தப் படிகத்தைத் தாக்கப் படையெடுத்து வருகிற வெள்ளணுக்களை மட்டுப்படுத்துவதுதான் கோல்சிசின் செய்கிற வேலை. ஏழெட்டு வருடமாக உங்கள் மாமியாருக்கு இருக்கிற முட்டிவலி, மாடிப்படி ஏறும்போதும் உட்கார்ந்து எழுந்திருக்கும்போதும் வருகிற வலி என்றால் அது பெரும்பாலும் தேய்மானம், அதற்கு இந்தச் சரக்கால் பிரயோஜனம் இல்லை. கவுட்தானா என்பதை டாக்டர் பரிசோதித்துச் சொல்லட்டும், கவுட் என்றே வைத்துக்கொண்டாலும் மாத்திரையை எத்தனை, எத்தனை நாள் என்று எண்ணி எழுதிக்கொடுப்பார். சர்க்கரை உள்ளவர், கிட்னி எப்படி இருக்கிறதென்று தெரியாது. கிட்னி பழுதானவர்களுக்கு மாத்திரையே உடம்பில் தங்கி விஷமாகிவிடும், கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தாலும் அப்படித்தான். அளந்து செய்த மாத்திரைக்கே இவ்வளவு பயம் என்றால், கிழங்கில் எவ்வளவு இருக்கிறதென்று யார் அளந்தார்கள்? மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம், கிழங்குக்குக் கிழங்கு அது மாறும், கண்ணால் பார்த்தோ நாக்கில் வைத்தோ கண்டுபிடிக்க வழியே இல்லை.

இந்தச் சரக்கு செல் பிரிவதை நிறுத்திவிடும். உடம்பில் ஓயாமல் செல் பிரிகிற இடங்கள் எவை? குடலின் உட்தோல், எலும்பு மஜ்ஜை, முடிவேர். விஷமும் அந்த வரிசையில்தான் அடிக்கும். தின்ற உடனே எதுவும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் வாய் எரிச்சல், வாந்தி, வயிற்றைப் பிடுங்கும் வலி, தண்ணீராய்ப் பேதி எல்லாம் ஆரம்பிக்கும். பார்க்கிறவர்கள் நேற்றுச் சாப்பிட்ட சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த ஓரிரு நாளில் ரத்த அணுக்கள் இறங்கி, கிட்னி, ஈரல், இதயம் என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போகும். இதையெல்லாம் தாண்டிப் பிழைத்தவர்களுக்கு இரண்டாவது வாரத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டும்.

காய்ச்சினால் விஷம் போய்விடாதா என்று கேட்பீர்கள். போகாது. இலங்கையில் இந்தக் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று செத்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள், அவித்தும் அது போகவில்லை. எண்ணெயில் காய்ச்சினாலும் அதே கதைதான்.

அப்படியானால் சித்த வைத்தியத்தில் எப்படிச் சேர்க்கிறார்கள்? ‘சுத்தி’ செய்துதான். கிழங்கை மெல்லிசாக வில்லை போட்டு, உப்புக் கலந்த மோரில் ஊறப்போட்டு, எடுத்து வெயிலில் காயவைத்து, மறுபடி புது மோரில் போட்டு, இப்படிப் பல நாள். ஆயுர்வேதத்தில் இதே வேலைக்குக் கோமூத்திரம். அதன் பிறகும் பெரும்பாலும் மேல்பூச்சுக்குத்தான், மூலத்துக்குப் பூசும் காசீசாதி தைலத்தில் இது சேர்கிறது. அரசாங்கமும் சும்மா விட்டுவிடவில்லை, 1945-ம் வருட மருந்து விதிகளில் விஷச் சரக்குகளுக்கென்று தனிப் பட்டியல் வைத்து, ஊமத்தை, எட்டி, சேங்கொட்டை, அரளியோடு இதையும் சேர்த்திருக்கிறார்கள். இவை சேர்ந்த, உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துப் பாட்டிலில் மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று எச்சரிக்கை அச்சடித்தே தீர வேண்டும். வாட்ஸ்அப் குறிப்பில் மோரும் இல்லை, சுத்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை, கருப்பட்டி மட்டும் இருக்கிறது.

மாமியாருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். தொடைத் தசைக்கு என்ன பயிற்சி என்று ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும், ஆனால் முட்டிக்கு அதுதான் உதவும்.

கேள்வி: என் ஆயா அரியாங்குப்பத்தில் பேர்போன மருத்துவச்சி. பிள்ளை பிறந்து நஞ்சு இறங்காவிட்டால் கார்த்திகைக் கிழங்கை அரைத்து உள்ளங்காலில் பூசுவார், அடுத்த நிமிஷம் இறங்கிவிடும் என்று அம்மா சொல்வார். இது மூடநம்பிக்கையா, இல்லை நாம் தொலைத்துவிட்ட அறிவா? – வாசகர், புதுச்சேரி

பதில்: ஐயா, இந்தக் கடிதத்தைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். நஞ்சுக்கொடியை இறக்க நச்சுக்கொடி! தமிழில் இப்படித் தானாக அமைந்துபோன சிலேடையைப் பார்த்தால் ஆயாக்கள் வேண்டுமென்றேதான் இந்தச் செடியைத் தேர்ந்தெடுத்தார்களோ என்றுகூடத் தோன்றுகிறது.

உங்கள் ஆயா தனியாகக் கண்டுபிடித்த முறையல்ல அது. ஆயுர்வேதத்திலும் இதே பூச்சு பழைய காலத்திலிருந்து உண்டு, அங்கே இதற்கு லாங்கலி என்று பெயர். லாங்கலம் என்றால் கலப்பை, நாம் கலப்பைக்கிழங்கு என்கிறோமே, அதேதான். தோண்டிப் பார்த்தால் தெரியும், கிழங்கு இரண்டாகக் கவைத்துக்கொண்டு ஏர் மாதிரி வளைந்திருக்கும். கருப்பையை முடுக்கிவிடும் என்பதால் பிரசவத்தில் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது தொப்புளைச் சுற்றி, உள்ளங்கையில், உள்ளங்காலில் பூசினார்கள். உள்ளுக்குக் கொடுக்காமல் பூச்சோடு நிறுத்தியதில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது, விஷம் என்று தெரிந்தேதான் தொட்டிருக்கிறார்கள்.

பூசியதால்தான் இறங்கியதா? உங்கள் அம்மா சொன்னதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளை பிறந்து அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு நஞ்சுக்கொடி தானாகவே விழுந்துவிடும். ஆயா கொல்லைக்குப் போய், கிழங்கைத் தோண்டி, மண்ணைக் கழுவி, அம்மியில் அரைத்துக்கொண்டு வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். விழாமல் நின்றுபோன சிலருக்கோ ரத்தப்போக்குதான் எமன், அந்த வீட்டுப் பெண்களின் கதையை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. இன்றைக்கு ஆக்ஸிடோசின் ஊசி ஒன்று போட்டு அந்தப் பயத்தைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கருப்பையை முடுக்கும் என்ற இதே நம்பிக்கையில் கருவைக் கலைக்க இந்தக் கிழங்கைத் தின்றவர்களும், கலைக்கிறேன் என்று கொடுத்தவர்களும் உண்டு. கரு கலைவதற்கு முன்பே அந்தப் பெண் போய்விடுவாள். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் இந்தக் கிழங்கைப் பற்றி வைத்தியப் பேச்சே வேண்டாம். உங்கள் ஆயா இருந்தால் அவரும் இதைத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அந்தக் காலத்து மருத்துவச்சிகள் யாருக்கு எதைக் கொடுக்கக்கூடாது என்பதில் நம்மைவிடக் கறாரானவர்கள்.

கேள்வி: பண்ருட்டிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் செம்மண் இருக்கிறது. தானே புயலில் முந்திரி போனதிலிருந்து என்னென்னவோ போட்டுப் பார்த்துவிட்டோம். கண்வலிக்கிழங்கு விதை கிலோ ஆயிரக்கணக்கில் போகிறதாமே, இறங்கலாமா? – இளம் விவசாயி, பண்ருட்டி வட்டம்

பதில்: தம்பி, போகிறது, உண்மைதான். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கமும், வேதாரண்யம், ஜெயங்கொண்டம் பக்கமும் வருடக்கணக்காகப் போடுகிறார்கள். கிழங்கைவிட விதையில்தான் சரக்கு அதிகம், அதனால் விதையைத்தான் வாங்குவார்கள். அதிலிருந்து கோல்சிசினும், தசைப்பிடிப்புக்குக் கொடுக்கிற தயோகோல்சிகோசைடு மாத்திரைக்கான சரக்கும் எடுக்கிறார்கள். பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போவதால் அங்கே வாங்குபவர் தும்மினால் இங்கே விலை சரிந்துவிடும். கிலோ ஆயிரக்கணக்கில் போன வருடத்தை எல்லோரும் சொல்வார்கள், விதையை மூட்டை கட்டி வீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வருடத்தை யாரும் உன்னிடம் சொல்ல மாட்டார்கள்.

செலவு முதல் வருடமே நெஞ்சை அடைக்கும். விதைக்கிழங்கு விலை, கொடி ஏற கம்பிப் பந்தல் இல்லாவிட்டால் கிளுவை மாதிரி உயிர்வேலி. ஆடி, ஆவணியில் நடுவார்கள். கிழங்கின் முனையில் இருக்கிற முளைக்கண் கண்ணாடி மாதிரி, கொஞ்சம் இடித்தாலும் உடைந்துவிடும், உடைந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது. அப்புறம் பூ. இந்தப் பூவை உற்றுப் பார்த்திருக்கிறாயா? இதழ் ஆறும் மேலே மடங்கி நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே முறித்துவிட்டதுபோல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், மகரந்தப் பைகளுக்கும் அதற்கும் எட்டாத தூரம். தானாகக் காய் பிடிப்பது குறைவு. அதனால் காலையில் ஆள் வைத்து, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட வேண்டும். மூன்று ஏக்கருக்குத் தினம் எத்தனை பூ, எத்தனை ஆள், கூலி என்ன என்று நீயே போட்டுப் பார்.

எனக்குப் பெரிய பயம் வேறு. கொடி நிறையப் பூவும் பிஞ்சுமாக நிற்கிற புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையில்தான் நம் கடலூர் மாவட்டத்துக்கு மழையும் புயலும். தண்ணீர் இரண்டு நாள் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும், காற்றடித்தால் பந்தலோடு போய்விடும். 2011-ல் முந்திரியையே வேரோடு சாய்த்த காற்று இந்த நூல் கொடியை விட்டுவைக்குமா? தண்ணீர் வடிகிற மேட்டுநிலமாக இருந்தால் கால் ஏக்கரில் போட்டுப் பார், அதுவும் தாராபுரம் பக்கம் ஒரு நடை போய், வியாபாரியிடம் இல்லை, விவசாயியிடம் நேரில் பேசிவிட்டு வந்து. போட்டால் ஆடு மாடு நுழையாமல் வேலி கட்டு, வேலைக்கு வருகிறவர்கள் கை கழுவாமல் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காதபடி பார்த்துக்கொள்.

கேள்வி: இந்தப் பூவைப் பார்த்தாலே கண்வலி வருமாமே? – மாணவி, நெல்லிக்குப்பம்

பதில்: வராது. போன கார்த்திகையில் திருவந்திபுரத்தில் ஔஷதகிரி படிக்குப் போகிற வழியில் ஒரு புதரோரம் அரைமணி நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கால்தான் வலித்தது. மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து தொங்குகிறது, விரிய விரிய இதழ் பின்பக்கமாக மடங்கி மேலே போகிறது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஓரமெல்லாம் நெளிநெளியாக, அடுப்பில் விறகு பற்றிக்கொண்டது மாதிரி. இரண்டு மூன்று நாளில் மஞ்சளும் மறைந்து முழுச்சிவப்பு. இன்னொரு வேடிக்கை, இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நூலாக நீண்டு, பக்கத்திலிருந்த ஈச்ச மட்டையை ஒன்றரைச் சுற்று சுற்றிப் பிடித்திருந்தது. பெயர் எப்படி வந்தது என்பதற்கு ஊருக்கு ஒரு கதை இருக்கிறது. கிழங்குச் சாறு பட்ட கையால் கண்ணைக் கசக்கினால் வலிக்கத்தான் செய்யும், அது வேறு.

கேள்வி: செங்காந்தள் நம் மாநிலப் பூ என்று மகன் பள்ளியில் எழுதினான், தப்பு என்று போட்டுவிட்டார்கள். – பெற்றோர், லாஸ்பேட்டை

பதில்: மகன் புதுச்சேரியில் படிக்கிறானே! தமிழ்நாட்டுக்குத்தான் செங்காந்தள், புதுச்சேரிக்கு நாகலிங்கப்பூ. ரெட்டிச்சாவடி தாண்டினால் பூ மாறிவிடும். ஜிம்பாப்வேக்கும் செங்காந்தள்தான் தேசியப் பூ என்று அடுத்த பரீட்சைக்குச் சொல்லிவையுங்கள். பேராசிரியர்கள் யாராவது கேட்டால், கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை வரிசையாக அடுக்கும்போது முதலில் வைத்ததும் இதைத்தான்.

கேள்வி: வீட்டில் மூன்று வயதுப் பேத்தி இருக்கிறாள். மதிலோரம் இந்தக் கொடி இரண்டு வருடமாகப் பூக்கிறது. பிடுங்கிவிடவா? பிடுங்க மனசு வரவில்லை. – வாசகி, முதலியார்பேட்டை

பதில்: மூன்று வயதென்றால் பிடுங்கிவிடுங்கள் அம்மா, பேத்திக்கு ஏழெட்டு வயதானபின் வேண்டுமானால் மறுபடி வைத்துக்கொள்ளலாம். பூவைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. நான் பயப்படுவது காய்க்குத்தான். மழைக்காலம் முடிந்து காய் முற்றி வெடிக்கும்போது உள்ளே செம்மணி கோத்ததுபோல் விதைகள் வரிசையாக இருக்கும், பெரியவர்களுக்கே எடுத்துப் பார்க்கத் தோன்றும், குழந்தை வாயில் போடாதா?

ஒருவேளை போட்டுவிட்டால், நன்றாகத்தானே விளையாடுகிறாள் என்று காத்திருக்காதீர்கள். முதல் சில மணி நேரம் நன்றாகத்தான் விளையாடுவாள், நான் மேலே சொன்னேனே, விஷம் மெதுவாகத்தான் தெரியும். வாயைத் துடைத்து, மிச்சம் இருந்தால் எடுத்துவிட்டு, உப்புத்தண்ணி, புளித்தண்ணி, முட்டை வெள்ளை என்று எதையும் ஊற்றாமல், விரலைவிட்டு வாந்தி எடுக்கவைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு. செடியில் ஒரு துண்டையும் காயையும் பாலிதீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், “ஏதோ செடி” என்று சொல்வதற்கும் கையில் காட்டுவதற்கும் டாக்டருக்கு நிறைய வித்தியாசம். இந்த விஷத்துக்கு முறிவு மருந்து என்று கைவசம் எதுவும் கிடையாது, சீக்கிரம் போவதுதான் பெரிய உதவி.

பிடுங்குவது என்று இறங்கினால் மதிலோரத்தில் அரளியும் மஞ்சள் அரளியும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தெருவுக்குத் தெரு பூஜைக்கென்று வைத்திருக்கிறோம், காந்தளைக் கண்டு பயப்படுகிறவர்கள்கூட அதன் நிழலில் குழந்தையை உட்காரவைத்துச் சோறு ஊட்டுகிறார்கள்.

கொடியை மேலோடு அறுத்துவிட்டால் போதாது. தை, மாசியில் கொடி தானாகவே காய்ந்துவிடும், ஆனால் கிழங்கு உள்ளே தூங்கிக்கொண்டுதான் இருக்கும். காய்வதற்கு முன்னால், இடம் தெரிகிறபோதே, கையுறை போட்டுக்கொண்டு கடப்பாரையால் ஒரு முழம் ஆழத்துக்குச் சுற்றித் தோண்டி, இரண்டு கவையும் உடையாமல் வந்ததா என்று பார்த்து எடுங்கள். முளைக்கண்ணோடு ஒரு கவை உள்ளே தங்கினாலும் அடுத்த ஆடிக் கடைசியில் மதிலோரம் பச்சையாக எட்டிப் பார்க்கும்.